பத்மினியின் தரைத்தகடு போய்விட்டது: வெல்டிங்கா, ஃபைபரா?

#1 கீழக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என் பெரிய மாமா 1974-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இப்போது என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மாமாவுக்கு முடியாமல் போன பிறகு பெரியபட்டினம் பக்கம் தோப்பில், ஓலைக் கொட்டகைக்குள் நின்றிருந்தது. பேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் என்ஜின் சுற்றுகிறது, பிஸ்டன் இறுகவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் கம்பி நன்றாக விழுகிறது. மேலே பார்த்தால் வண்டி பரவாயில்லை. ஆனால் ரப்பர் மேட்டைத் தூக்கினால் ஓட்டுநர் காலடியில் மண் தரை தெரிகிறது.

ராமநாதபுரத்தில் டிங்கர் ஒருவர் வந்து பார்த்து, தகடு முழுவதும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு ஓடுகிற மாருதி 800 வாங்கிவிடலாம். படகுப் பட்டறையில் இருக்கும் நண்பரோ ஃபைபர் போட்டால் இரண்டு நாளில் முடியும், கடல் தண்ணீரிலேயே நிற்கிற சரக்கு, காருக்கு நிற்காதா என்கிறார். துபாயில் இருக்கும் மச்சானுக்கு வேறு ஆசை: வண்டியைத் தாழ்த்த வேண்டும், அகல டயர் போட வேண்டும், டீசல் என்ஜின் இறக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சேதுக்கரை, ஏர்வாடி, எப்போதாவது ராமேஸ்வரம் போய்வர வேண்டும். கண்காட்சிக்கு வைக்கிற வண்டியாக்கும் எண்ணமில்லை. அனுபவமுள்ள காக்காமார் (அண்ணன்மார்) சொல்லுங்கள்.

#2 உப்பளத்தான்

தம்பி, தரையை விடுங்கள். முதலில் ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டு பெட்டியைக் குத்திப் பாருங்கள். பெயிண்டை நம்பாதீர்கள். ஊசி இறங்கினால் அது பட்டியும் பெயிண்டும் சேர்ந்து தகடு மாதிரி நிற்கிறது என்று அர்த்தம்.

பத்மினிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. இத்தாலியில் 1953-இல் வந்த ஃபியட் 1100-இன் வழிவந்தது அது, உடலே எலும்புக்கூடு. தரைத்தகடு, இரண்டு பக்கப் பெட்டி, நடுவில் ஓடும் மேடு மூன்றும் சேர்ந்துதான் வண்டியை வளையாமல் வைத்திருக்கின்றன. பெட்டி போயிருந்தால் பின் இருக்கையில் நான்கு பேர் ஏறியதும் கதவு பூட்டாது. பூட்டினால் திறக்காது.

குத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன் யார் சொல்வதையும் கேட்காதீர்கள், நான் சொல்வது உட்பட.

#3 பாம்பன் வள்ளம்

அண்ணன் சொல்வது சரி, ஆனால் அதற்காக ஃபைபரை ஒதுக்கித் தள்ளிவிட வேண்டாம். நான் ஃபைபர் வள்ளம் செய்கிறவன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் அலை தூக்கிப் போடும்போது வள்ளத்தின் அடிப்பாகம் வாங்குகிற அடி உங்கள் கார் ஆயுளுக்கும் வாங்காது. கண்ணாடி இழைப் பாயைப் பல அடுக்காக விரித்து, ரெசின் பிசினை நன்றாக ஊறவிட்டு, உருளையால் காற்றை வெளியேற்றிப் போட்டால் அது தகட்டைவிடத் தடிப்பாக நிற்கும். முக்கியமாகத் துருப்பிடிக்காது. இந்தக் கரையில் இரும்பை வைத்து இரும்பை அடைப்பது, உப்பிடம் மறுபடியும் சோறு கொடுப்பதுதானே?

#4 மெக்கானிக் மகள்

பாம்பன் அண்ணன் கோபிக்கக் கூடாது. வள்ளம் முழுவதும் ஃபைபர். அதற்கு ஒட்டவேண்டிய இரும்பு எதுவும் இல்லை. இங்கே சிக்கலே ஒட்டுகிற இடத்தில்தான்.

துருப்பிடித்த தகட்டின் ஓரத்தில் பாலியெஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், வெயிலில் நிற்கிற காரில் தகடு விரிவதும் ஃபைபர் விரிவதும் ஒரே அளவில் இருக்காது. சில மாதங்களில் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு விலகும். அந்த இடுக்கில் ஈரம் ஏறும், ஏறியது இறங்காது. மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகிக்கொண்டிருக்கும். அப்பாவின் பட்டறைக்கு அப்படி வந்த ஓர் அம்பாசிடரில் ஃபைபரை நெம்பி எடுத்தபோது பெரிய தட்டு அளவில் ஒரே துண்டாகக் கையோடு வந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்தது முழுவதும் துரு. தகடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொன்று: ஃபைபர் போட்ட இடத்தை அடுத்த முறை வெல்டிங் செய்யவே முடியாது. தீப்பிடிக்கும், முழுவதும் பிய்த்தெறிந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தக் கடற்கரையில் எந்தப் பழுதுபார்ப்பும் நிரந்தரமில்லை. அடுத்த முறை திறந்து பார்க்க வழியில்லாத வேலையைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

#5 பாம்பன் வள்ளம்

நெம்பினால் வருகிற மாதிரிப் போட்டவன் வேலை தெரியாதவன். அதற்கு ஃபைபர் என்ன செய்யும்?

#6 நாலு கதவு ஹெரால்டு

பாம்பன் தம்பிக்கு நான் துணை. பாதித் துணை.

தேவிபட்டினத்தில் என்னிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. நம் மெட்ராஸில் செய்த வண்டி. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில்தான் வந்தது, அது வேறு பெருமை. அதற்குக் கீழே தனிச் சேசிஸ் உண்டு. உடல் அதன்மேல் போல்ட்டில் உட்காருகிறது. என் டிக்கித் தரையில் ஃபைபர்தான் போட்டிருக்கிறேன். பல மழை பார்த்துவிட்டது, ஒரு குறையும் இல்லை. ஆனால் சேசிஸில் ஓர் அங்குலம்கூட ஃபைபர் வைக்க விட மாட்டேன்.

ஆகவே தம்பி, ஃபைபர் நல்லதா கெட்டதா என்று பார்க்காதீர்கள். அந்த இடம் சுமை தாங்குகிறதா இல்லையா என்று பாருங்கள். பத்மினியில் காலடித் தரை தாங்குகிற இடம்.

(பானட்டை முழுதாக முன்பக்கம் கவிழ்த்துத் திறந்து, டயர்மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கிற சுகம் ஹெரால்டுக்கு மட்டும்தான். இதையும் சொல்லாமல் போக மனமில்லை.)

#7 துருவியல்

கொஞ்சம் வேதியியல். மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. உலோகத் துண்டுகளைக் கடல்காற்றில் மாட்டி வைத்து, எது எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்ப்பார்கள். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே நம் வண்டிகளின் தலையெழுத்து தெரிகிறது.

பலர் மழைதான் எதிரி என்று நினைக்கிறார்கள். ராமநாதபுரம் மழை குறைந்த மாவட்டம். இங்கே மழை இல்லாமலே வண்டி நனைகிறது. சோடியம் குளோரைடு தூள், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இரவில் அந்த அளவைத் தாண்டாத நாள் இந்தக் கரையில் அரிது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே அது கசியத் தொடங்கும். கொட்டகைக்குள் நின்ற வண்டி அதனால்தான் இன்னும் மோசம்: மேலே விழுகிற மழை உப்பைக் கழுவியாவது விடும், அடிவயிற்றில் படிந்த உப்பை எதுவும் கழுவாது.

எனவே வெல்டிங்கோ ஃபைபரோ, எது செய்தாலும் அதற்கு முன் உப்பை வெளியேற்றுங்கள். துருக் குழிகளின் அடியில் குளோரைடு ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டாலும் மணல் வீசினாலும் பளபளக்குமே தவிர உப்பு முழுதாகப் போகாது. நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மறுநாள் பாருங்கள். அதே குழியில் மஞ்சள் பூத்திருந்தால் திரும்பக் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர். உங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பை வைத்த கதைதான்.

சிறிய பாகங்களின் துருவை நீக்கச் சலவைச் சோடா கரைத்த தொட்டியும் பாட்டரி சார்ஜரும் போதும். பாகத்தை எதிர்முனையில் மாட்டுங்கள், பழைய இரும்புத் துண்டை நேர்முனையில் மாட்டுங்கள். எவர்சில்வர் துண்டை மாட்டவே கூடாது, நச்சுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டைகளைத் தொட்டியில் போடாதீர்கள், உடையும் தன்மை வந்துவிடும்.

#8 கீழக்கரையான்

உப்பளத்தான் காக்கா, குத்திப் பார்த்துவிட்டேன்.

இடது பக்கப் பெட்டி திடமாக இருக்கிறது, ஊசி வழுக்குகிறது. வலது பக்கம், முன்கதவுக் கீலுக்கு நேர் கீழே ஊசி பிடி வரைக்கும் இறங்கியது. அந்த இடத்தில் விரலால் அழுத்தியதும் பெயிண்ட் தோல் மாதிரி மடிந்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரால் கிழித்தேன். முதலில் பட்டி, கட்டைவிரல் தடிப்புக்கு. அதன் பின்னால் ஏதோ காலத்துச் சினிமா நோட்டீஸைப் பந்தாக உருட்டி அடைத்து அதன்மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி மணல், ஏடு ஏடாக உரிகிற சிவப்புத் துரு, காய்ந்த தென்னந்தும்பு எல்லாம் கொட்டின. மணல் ஈரமாக இருந்தது. வண்டியில் மழை பட்டே பல மாதமாகிறது.

பெட்டியின் அடியில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்க வேண்டும் அல்லவா? இடது பக்கம் திறந்திருக்கின்றன. வலது பக்கம் கெட்டியாகக் கருப்பாக எதையோ பூசி மூடியிருக்கிறார்கள்.

#9 உப்பளத்தான்

அந்தக் கருப்புதான் கொலைகாரன். தார் பூச்சு. வண்டிக்குப் பாதுகாப்பு என்று யாரோ பூசியிருக்கிறார்கள், தண்ணீர் இறங்குகிற துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். ஒரே வண்டி, ஒரே காற்று. துளை திறந்திருந்த பக்கம் பிழைத்தது, மூடிய பக்கம் போனது. புதுத் தகட்டில் அந்தத் துளைகளை விடாத டிங்கரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

வலது பெட்டியை அறுக்குமுன் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பெரும்பாலான வண்டிகள் கோணலாகின்றன. நான்கு சக்கரமும் மட்டமாக நிற்கட்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக மூலைவிட்டத்தில் ஒரு இரும்புக் குழாயை டேக் அடித்து (தற்காலிகமாகப் புள்ளி வெல்டிங் வைத்து) இறுக்குங்கள். அதன் பிறகுதான் அறுவை. ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் சமமாக இருந்தால்தான் தரைக்குப் போக வேண்டும். பெட்டிக்கு 18 கேஜ், தரைக்கு 20 கேஜ் தகடு போதும். தடித்த தகடு போட்டால் பலம் என்று சொல்வார்கள். பழைய மெல்லிய தகட்டோடு அது சேராது, பக்கத்தில் கிழியும்.

கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு அலையடிக்கும். சி.ஓ.டூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று தாண்டித் தாண்டி வைக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு போடுகிறேன் என்று டிங்கர் சொன்னால், ஒட்டுகிற ஓரத்தில் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டுத்தான் வெல்டிங். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

பிறகு எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டுப் போனால் அது ஈரத்தை உறிஞ்சும். கடைசியாகப் பெட்டிக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைக் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள். அது கீழே உள்ள துளைகளில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் துளை மூடியிருக்கிறது.

#10 டீசல் பிரியன்

இவ்வளவு செலவு செய்து கடைசியில் 1,089 சி.சி. பெட்ரோல் என்ஜினையா வைத்திருக்கப் போகிறீர்கள்? பத்மினியின் வேகம் எல்லோருக்கும் தெரியும். பழைய டீசல் என்ஜின் ஒன்றை இறக்கினால் ராமேஸ்வரம் போய்வர எண்ணெய்ச் செலவு பாதி. மச்சான் சொல்வதில் தப்பில்லை. அகல டயரும் போடலாம்.

#11 பழைய ஆர்.சி.

எண்ணெய்ச் செலவில் மிச்சமாவதை வழக்குச் செலவில் கொடுக்கலாம்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒரு முறை படியுங்கள். நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. என்ஜின் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அனுமதியில்லாத என்ஜினோடு விபத்து ஒன்று நடந்தால் காப்பீட்டு நிறுவனம் எந்தப் பக்கம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கீழக்கரைத் தம்பிக்கு இரண்டு வழி இருக்கிறது. மத்திய அரசு 2021-இல் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 1974 வண்டி அதற்குள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சேதுக்கரை என்பது அதில் வராது. சேசிஸ், உடல், என்ஜினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கும் அது கிடைக்காது.

உங்களுக்கு ஏற்றது சாதாரணப் புதுப்பிப்பு: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டி. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். காலாவதியான காலத்துக்குத் தாமதக் கட்டணமும் வரும். தகட்டு வேலையைத் தொடங்குமுன் ராமநாதபுரம் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். மாமா பெயரிலிருந்து மாற்றவேண்டிய காகிதங்கள்தான் இருப்பதிலேயே அதிக நாள் இழுக்கும்.

#12 மெக்கானிக் மகள்

மாற்றம் செய்யவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்துக்குச் செலவு செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாததை விட்டுவிடுகிறார்கள், அதுதான் என் வருத்தம். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும். அதோடு தாழ்த்தினால், தேங்கிய உப்புத்தண்ணீர் நேராக அந்தப் புதுப் பெட்டிக்குள் போகும். அந்தப் பணத்தில் செய்யவேண்டியவை:

பிரேக் குழாய்களைத் தாமிர-நிக்கல் குழாயாக மாற்றுங்கள். இரும்புக் குழாய் வெளியிலிருந்து துருப்பிடித்து, ஒருநாள் பாம்பன் பாலத்து இறக்கத்தில் வெடிக்கும். நான்கு சக்கரமும் டிரம் பிரேக், வீல் சிலிண்டரைக் கட்டாயம் பிரித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. இங்கே ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதுகூட அதிகமில்லை.

முகப்பு விளக்குக்கு ரிலே வையுங்கள். இப்போது முழு மின்சாரமும் பழைய சுவிட்ச் வழியாகத்தான் போகிறது, அதனால்தான் விளக்கு மஞ்சளாக அழுகிறது. எர்த் ஒயர்கள் உடலைத் தொடுகிற ஒவ்வோர் இடத்தையும் சுரண்டி, கிரீஸ் பூசி முடுக்குங்கள். இந்த ஊர் வண்டிகளில் எலக்ட்ரிக்கல் கோளாறு என்று வருவதில் பெரும்பகுதி துருப்பிடித்த எர்த்தான்.

ரேடியேட்டர்: பத்மினி என்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம், அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் ஓடினால் அது பாட்டரி மாதிரி வேலைசெய்து அலுமினியத்தைத் தின்னும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் மட்டும்தான். வழியில் சூடேறினாலும் பெட்டிக்கடைக் குடத்துத் தண்ணீரை ஊற்றாதீர்கள், கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுங்கள்.

பெட்ரோல் குழாய்: இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கரைக்கும். நம் காற்றில் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், நிறுத்தி வைத்த டேங்க் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய், பெட்ரோல் பம்புக்குப் புது டயாபிரம், கண்ணாடி ஃபில்டர். மாதக் கணக்கில் நிற்கப் போகிறதென்றால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

#13 நாலு கதவு ஹெரால்டு

எத்தனால் பற்றி எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டுமா, அம்பாசிடர் மாதிரி வார்ப்பிரும்பு ஹெட் வண்டிகளில் வால்வு சீட்டு தேய்வது 2000-இல் ஈயம் நீக்கியதாலா, இப்போதைய பெட்ரோலாலா...

#14 நெறியாளர்

ஹெரால்டு ஐயா, எத்தனாலுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே எழுதுங்கள். இது தகட்டு இழை.

#15 கீழக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் பேசிவிட்டேன். சட்டத்தைச் சொன்னபோது அசையவில்லை. அகல டயர் போட்டால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை அவர்தான் திருப்ப வேண்டும் என்றதும் அடங்கிவிட்டார். டீசலும் இல்லை, தாழ்த்தலும் இல்லை. வலது பெட்டியும் காலடித் தரையும் வெல்டிங். டிங்கரிடம் தவணை தவணையாகச் செய்யலாம் என்று பேசி, முதலில் பெட்டி மட்டும்.

இரண்டு சந்தேகம். பெயிண்ட் எப்போது அடிக்கலாம்? துபாயிலிருந்து வெளிநாட்டுக் கவர் வருகிறது, பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது, போடலாமா?

#16 துருவியல்

கவர் வேண்டாம். தண்ணீர் உள்ளே போகாத கவர் ஈரத்தை வெளியேயும் விடாது. காற்றோடுகிற கூரை, கடல் பக்கம் மட்டும் ஒரு சுவர் அல்லது தட்டி. மூடிய கொட்டகையில் புழுக்கத்தோடு நிற்பதைவிட அது மேல்.

ராமேஸ்வரம் போய் வந்த அன்றே அடியில் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போனால் இரண்டு மடங்கு தண்ணீர்.

#17 உப்பளத்தான்

பெயிண்ட் மாசி, பங்குனியில். வாடையும் மழையும் ஓய்ந்து, கச்சான் கிளம்பாத நாட்கள். ஈரக் காற்றில் அடித்தால் வெளுத்துப் பூக்கும், கச்சானில் அடித்தால் மணல் ஒட்டும். காலை வெயில் ஏறி ஈரம் போன பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடிக்கச் சொல்லுங்கள். அதுவரை எபாக்சி பிரைமரோடு நிற்கட்டும், அசிங்கமாகத்தான் இருக்கும்.

பாட்டரித் தட்டைப் பார்த்தீர்களா? ஆசிட் சொட்டி அதுவும் போயிருக்கும்.

#18 கீழக்கரையான்

போய்விட்டது, காக்கா. பாட்டரி ஒரு பக்கம் சரிந்து கயிற்றில் நிற்கிறது.

#19 மெக்கானிக் மகள்

தாங்கும் அடிச்சட்டத்தை இரும்பில் வெல்டிங் செய்யுங்கள். மேலே உட்காருகிற தட்டு மட்டும் ஃபைபர். ஆசிட் அதைத் தின்னாது, கழற்றிக் கழுவலாம். பாம்பன் அண்ணன் இருக்கிறாரா?

#20 பாம்பன் வள்ளம்

இருக்கிறேன், இருக்கிறேன். இத்தனை பேர் சேர்ந்து என்னைக் கரையேற்றிவிட்டுக் கடைசியில் தட்டு செய்யக் கூப்பிடுகிறீர்கள். பாட்டரியின் நீளம், அகலம், உயரம் அனுப்புங்கள், தம்பி. ஓரம் நான்கு விரல் உயர்த்தி, தண்ணீர் இறங்க மூலையில் ஒரு குழாய் வைத்துத் தருகிறேன். உப்பளத்தான் அண்ணனின் துளையை மறக்கவில்லை.